ஆவிலா ஸ்டாப்பில் ஒருத்தி

கம்பெனி பஸ் ஓட்டியவனைச் சுற்றுலாவுக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. போன வருஷம் ஸ்பெயினில் வைத்து என் மகள் இதைத் தெரிந்துகொண்டாள்.

குன்றத்தூரிலிருந்து ஒரகடத்துக்கு இருபத்திரண்டு வருஷம் ஷிப்ட் பஸ் ஓட்டினேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் மூன்று நிமிடம் நிற்பேன், அதற்கு மேல் யாருக்காகவும் கிடையாது. கண்டக்டர் இல்லாத பஸ். கடைசியாக ஏறுகிறவர் பஸ்ஸின் பாடியில் உள்ளங்கையால் டப் டப் என்று இரண்டு முறை தட்டுவார். தட்டினால் வண்டி கிளம்பும். யார் ஏறினார், யார் ஏறவில்லை என்று உள்ளே திரும்பி எண்ணிக்கொண்டிருக்க மாட்டேன். என் மனைவியும் அதே கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்று வேலை பார்த்தவள்தான், என் பஸ்ஸில்தான் வேலைக்கு வந்தாள்.

மகள் மாட்ரிடில் வேலை பார்க்கிறாள். எங்கள் இருவரையும் வரவழைத்து, ஒரு மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்திருந்தாள். வண்டிக்குள்ளேயே அடுப்பு, கக்கூஸ், பின்னால் திரை போட்ட படுக்கை. பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. வாடகைப் பேப்பரில் தன் பெயர் மட்டும்தான் இருக்கிறது, ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன்.

டொலிடோவில் ஒரு நாள் முழுக்க இருப்போம் என்றாள். ஒரு ஊருக்கு ஒரு நாளா என்று எனக்கு ஆத்திரம். செகோவியாவில் பழைய காலத்துத் தண்ணீர்ப் பாலம் ஒன்று இருக்கிறது. சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவும் இல்லாமல் கல் மேல் கல்லாக அடுக்கியே கட்டியிருக்கிறார்கள். என் மனைவி அதன் கீழே நின்று அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"பாத்தாச்சு இல்ல? கிளம்பு, கிளம்பு" என்றேன்.

"அது எத்தினி காலமா நின்னுகினு கீது. நீ இன்னும் பத்து நிமிசம் நின்னா இன்னா கொறஞ்சிடும்?" என்றாள்.

மகள் சிரித்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். டீ பிரேக் பத்து நிமிடம் என்று வருஷக்கணக்காக வாழ்ந்தவள், அந்த ஊர்களில் ஒரு காபியை முக்கால் மணி நேரம் குடித்தாள். அவளை அப்படிப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

நாலாவது நாள் ஆவிலா. ஊரைச் சுற்றி உயரமான கோட்டைச் சுவர், சுவருக்கு வெளியே பார்க்கிங். சாயங்காலம் நாலு மணிக்குச் சுற்றிவிட்டு வந்து ஏறினோம். மனைவி பின்னால் போய்விட்டாள். "மூணு நிமிசம்தான், எடுத்துடலாம்" என்று நான் முன்னாலிருந்து குரல் கொடுத்தேன். மகள் போனில் வழி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வண்டியின் பக்கக் கதவு ஒரு முறை சாத்தினால் பிடிக்காது, இரண்டு முறை அடிக்க வேண்டும். பின்னாலிருந்து டப், டப் என்று கேட்டது.

"ரைட், போலாம்" என்றேன். மகளும் எடுத்துவிட்டாள்.

அரை மணி நேரம் போயிருக்கும். "அம்மா, டீ போடுறியா?" என்று மகள் கேட்டாள். இன்னொரு தடவை கூப்பிட்டாள். தூங்குகிறாளோ என்று எழுந்து போய்த் திரையை விலக்கினேன். படுக்கை காலி. அவளுடைய போன் சார்ஜில் கிடந்தது.

அவளுக்குப் பாஷை தெரியாது, கையில் காசு கிடையாது. "நீதானப்பா ரைட்டுன்னு சொன்ன" என்று மகள் அழுதுகொண்டே ஓட்டினாள். திரும்புவதற்கு வழி வரும்வரை இன்னும் முன்னால்தான் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் செத்தேன்.

அந்த வழியில் எனக்கு வேறு ஒரு நாள்தான் ஞாபகம் வந்தது. மகளுக்கு அப்போது நாலு வயசு, காய்ச்சல். மருந்து கொடுத்து, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஸ்டாப்புக்கு வர மனைவிக்கு நேரமாகிவிட்டது. மூன்று நிமிடம் முடிந்தது, பாடியில் தட்டினார்கள், கிளம்பினேன். பக்கக் கண்ணாடியில், டிபன் பையைப் பிடித்துக்கொண்டு அவள் ஓடி வருவது தெரிந்தது. பத்து வினாடி நின்றிருந்தால் ஏறியிருப்பாள். பெண்டாட்டி என்றால் மட்டும் நிற்கிறான் என்று நாற்பது பேர் பேசுவார்களே என்று நினைத்து, கியரை மாற்றினேன். அன்று அவளுக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு. "நீ என்னிய பாக்கலியா?" என்று சாயங்காலம் கேட்டாள். "சத்தியமா பாக்கல" என்றேன். மறுநாளிலிருந்து எங்கள் ஸ்டாப்பில் முதல் ஆளாக அவள்தான் நின்றாள். அதைப் பற்றி அப்புறம் கேட்கவே இல்லை.

ஆவிலா பார்க்கிங்குக்குள் நுழைந்தபோது அங்கேதான் இருந்தாள். எங்கள் வண்டி நின்ற இடத்திலேயே, பார்க்கிங்குக்குத் தரையில் போட்ட இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கும் நடுவில், சால்வையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒருத்தன் காரை அந்த இடத்தில் விட ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். இவள் கையைக் காட்டி முடியாது என்று மறித்தாள்.

வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினேன். சுவரோரம் பெஞ்சில் சால்வையை மறந்துவிட்டாளாம், கதவைச் சாத்திவிட்டு எடுக்கப் போனாளாம்.

"இங்கியே நின்னியா?"

"ஸ்டாப்ப வுட்டு நகந்தா நீ எங்க வந்து தேடுவ?"

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"இன்னிக்கு கண்ணாடில என்னிய பாத்தியா?"

"இல்லம்மா. சத்தியமா பாக்கல."

"அன்னிக்கு?"

எந்த நாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பின்னால் மகள் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தாள்.

"பாத்தேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "அதே கண்ணாடில உன் கண்ணு எனக்கும் தெரிஞ்சுது."

அதன் பிறகுதான் அந்த வெள்ளைக் கோடுகளின் நடுவிலிருந்து நகர்ந்து, வண்டி உள்ளே வர வழிவிட்டாள்.