ஜம்பு மாமாவின் பதினோரு புகார்கள்

மும்பை செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொஸைட்டிக்கு நான் செக்ரட்டரி. சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் உண்டு. அதில் பாதி மூன்றாம் மாடி ஜம்பு மாமா எழுதியது. நான்கு மாதத்தில் பதினோரு கடிதம், எல்லாவற்றிலும் ஒரே புகார்: குளியலறையில் தண்ணீர் சரியாக வரவில்லை.

மாமா கப்பல் கம்பெனி குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கடிதத்துக்கு எண் போடுவார், நகல் வைத்துக்கொள்வார். ஷ்யாமளா மாமி போன ஆடியில் காலமானதிலிருந்து தனியாக இருக்கிறார். பெங்களூரில் இருக்கும் மகள் சாதனா, வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு என்று தினம் ஃபோனில் பிடுங்குகிறாள். குழாயில் தண்ணீர் வராததையும் இவரே உளறிவிட்டார். அவளுக்கு அது போதுமே! ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போக வருகிறேன் என்று டிக்கெட் எடுத்துவிட்டாள். அதற்குள் சரியாகாவிட்டால், நாற்பத்தொரு வருஷம் இருந்த வீட்டை விட்டு மாமா கிளம்ப வேண்டியதுதான்.

வியாழக்கிழமை காலை பதினோராவது கடிதத்தோடு என் வாசலில் நின்றார். நான் மட்டரகப் பம்பு வாங்கி எல்லாரையும் ஏமாற்றிவிட்டேனாம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வேறு எந்த வீட்டிலும் குறை இல்லை.

"மாமி இருந்தவரைக்கும் உங்காத்துலேர்ந்து ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்ததில்லையே மாமா. இப்போ மட்டும் எப்படி வரது?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் படியேறினார். வாய்க்கொழுப்பு எனக்கு, வேறென்ன.

மனசு கேட்காமல் அன்று மத்தியானமே தாராவியிலிருந்து வேல்ராஜை வரவழைத்தேன். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், குழாய் வேலையில் கெட்டிக்காரன். எங்களுக்குக் குளிக்க போர்வெல் தண்ணீர்தான். அதிலுள்ள உப்பு ஷவர் கண்களை அடைத்துக்கொள்ளும். மற்ற வீடுகளில் ரெஞ்சோடு மல்லுக்கட்டித்தான் ஷவரைக் கழற்றுவான். இங்கே ஒரு திருகலில் கையோடு வந்துவிட்டது. உள்ளே கெட்டிகெட்டியாக வெள்ளைக் காரை. மரையின் இடுக்கில் காய்ந்த புளிநார் ஒன்று ஒட்டியிருந்தது.

வேல்ராஜ் அதை நிமிண்டிப் பார்த்தான். வென்டிலேட்டர் விளிம்பில் கையை விட்டுத் துழாவி, தேய்ந்துபோன பல் பிரஷ் ஒன்றையும் ஒரு ஹேர்பின்னையும் எடுத்தான். மாமா பதறிவிட்டார். அந்த ஹேர்பின் மாமியுடையது, குளிக்கும்போது மறந்து வைத்தது, தொடாதே என்றார். பத்து மாதமாக அதை அவர் நகர்த்தவில்லை. வீடு பெருக்குகிறவளையும் தொட விட்டதில்லை.

வேல்ராஜ் அதை வெளிச்சத்தில் காட்டினான். நுனி முழுக்கச் சுண்ணாம்பு.

"மறந்து வைக்கல சார். இத வச்சுதான் ஓட்டையெல்லாம் குத்தியிருக்காவ. புளிய தேச்சு, பிரஷ் போட்டு, வாராவாரம் பாத்திருக்காவ. அவிய போனதும் அடைச்சுக்கிட்டு."

மாமா கவிழ்த்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் விளக்குத் தேய்த்த மிச்சப் புளியை எடுத்துக்கொண்டு மாமி குளியலறைக்குள் போவாளாம். அரைமணி ஆகுமாம். காபிக்கு நேரமாகிறது என்று இவர் வெளியே நின்று கத்துவாராம். மாமி போனபிறகு வெள்ளிக்கிழமை விளக்கும் இல்லை, புளியும் இல்லை. ஸ்விட்ச் போட்டால் எரிகிற விளக்கு ஒன்றை வாங்கி வைத்துவிட்டார். இதைச் சொல்லிவிட்டு எங்கள் இருவர் எதிரிலும் அழுதார். காலையில் நான் கேட்டதை நினைத்து எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சாயங்காலத்துக்குள் தண்ணீர் பிய்த்துக்கொண்டு கொட்டியது. சனிக்கிழமை பன்னிரண்டாவது கடிதம் வந்தது. 'ஒன்று முதல் பதினொன்று வரையிலான புகார்களை வாபஸ் பெறுகிறேன். குறை பம்பில் இல்லை, என்னிடம்.' கீழே கையெழுத்து, தேதி.

ஞாயிற்றுக்கிழமை சாதனா வந்தாள், தனியாகவே திரும்பினாள். வெள்ளிக்கிழமை எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்று அப்பா சொல்கிறாரே, புத்தி பேதலித்துவிட்டதா என்று என்னிடம் வந்து அழுதாள்.

அந்த வெள்ளிக்கிழமை மாடிக்குப் போனேன். டபராவில் புளி, மாமா கையில் அதே ஹேர்பின். யாரும் திறக்காத இரண்டாவது குளியலறைக் குழாயையும் விடவில்லை. என்னைப் பார்த்ததும் குத்துவதை நிறுத்தினார்.

"ஒரு தடவை அவ சொல்லியிருக்கலாமோல்லியோ, வெங்கி" என்றார். "நான் கத்தியிருக்க மாட்டேனே."