சுவரில் வெள்ளாமை

ஜேசிபி சத்தம் கேட்டுவிட்டால் பெருமாயி அக்காவுக்குச் சோறு இறங்காது. தட்டை மூடிவைத்துவிட்டு, கை கழுவியும் கழுவாமலும் ஓடுவார். மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டில் யார் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினாலும் குழியோரம் முதல் ஆள் அவர்தான். அடியிலிருந்து வரும் செம்மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு மெல்லுவார். “பல்லுல நறநறங்கோணும், நாக்குலயும் ஒட்டோணும். அதானுங்க நல்ல மண்ணு” என்று சொல்லித் துப்புவார். எனக்கும் ஒரு சிட்டிகை நீட்டினார். இப்போதுதான் டீ குடித்தேன் என்று சொல்லித் தப்பினேன்.

அந்த மண்ணைச் சலித்து, கொஞ்சம் சிமெண்ட் கலந்து, கை மிஷினில் போட்டு அழுத்தினால் சூளை இல்லாமலே கல் வந்துவிடும். “ஊட்டுக்கு வேணுங்கறது குழியிலயே கெடக்குது. அதப் பள்ளத்துல கொட்டிப்போட்டு, அத்தன வளைவு எறங்கிப் போயி கல்லு வாங்கியாராங்க. இதென்ன கூத்துங்க?”

கல்லை ஈரச் சாக்கு போட்டு மூடி, வாரக்கணக்கில் விட்டுவைக்க வேண்டும். அக்காவுக்குக் காத்திருக்கவே வராது. டீயைக்கூட நடந்துகொண்டே குடிப்பவர். பஸ் வரும்வரை நிற்கமாட்டாமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்து, பஸ்ஸைக் கோட்டைவிடுவார். சாக்கைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். தன் வீட்டைக் கட்டியபோது மேல்மண்ணைத் தனியே ஒதுக்கப் பொறுமையில்லை. கேழ்வரகு விளைந்த நிலத்து மண் அது. அதையே குழைத்துக் கல்லுக்கு நடுவே பூசிவிட்டார். முதல் மழைக்கு, விதைத்தது மாதிரி வரிசை வரிசையாகப் பின்சுவர் முளைத்தது. “பெருமாயி ஊட்டுச் செவுத்துல வெள்ளாமை” என்று ஊர் இன்னும் சிரிக்கிறது.

அதன்பிறகு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. இப்போதுதான் பக்கத்துத் தோட்டத்துக் கருப்பண்ணன் மனசு வைத்திருக்கிறார். அவர் வீட்டுக் குழி மண்ணிலேயே ஒரு சுவர். மழை தாங்கினால் வீடு முழுக்க அக்காவின் கல். இல்லையென்றால் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஹாலோ பிளாக் லாரி ஏறும். “இதும் போச்சுன்னா மிஷின எடைக்குப் போட வேண்டியதுதானுங்க” என்றார் அக்கா.

சுவர் எழும்பி முடிந்து, நான் அக்கா வீட்டில் தங்கியிருந்த அந்த வாரம் மழை விடவேயில்லை. “நீ தொட்டுத் தொட்டே சாச்சுப்போடுவ. மழ நிக்கறவரைக்கும் செவுத்துப் பக்கம் வராத” என்று கருப்பண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்கா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தே தேய்ந்தார்.

மழை வெறித்ததும் ஓடினோம். சுவர் கரையவில்லை, விரிசலும் இல்லை. அக்கா வரிசை வரிசையாக விரலால் தடவிக்கொண்டே போனார். ஜன்னலுக்குக் கீழே விரல் நின்றது. இரண்டு கல்லுக்கு நடுவே ஒரே ஒரு பச்சை முளை. பின்னால் கருப்பண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா வெடுக்கென்று அதைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

கருப்பண்ணன் சுவரை ஓங்கித் தட்டினார். குனிந்து, நிமிர்ந்து, ஓரம் வரை பார்த்தார்.

“லாரிய வேண்டாம்னு சொல்லிப்போடறேன், பெருமாயி. ஏம்மா, வாயில என்ன? மண்ணா?”

ஆமாம் என்று தலையாட்டினார் அக்கா. வழக்கம்போல் துப்பவில்லை. நன்றாக மென்று விழுங்கினார்.