குளிர்காற்று வந்த மூலை

எங்கள் தங்கச் சுரங்க ஊரில் பாலகாட் பக்கம், சுரங்கம் ஓடிய காலத்தில் கட்டிய கல் கட்டடம் ஒன்றில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. பாதி தரைக்குக் கீழே. ஆறு படி இறங்க வேண்டும். ஆஸ்பத்திரிகளின் பழைய கேஸ் ஷீட்டுகளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் வேலை. ஏழு பெண்கள், அவர்களுக்கு நான் சூப்பர்வைசர். ஜன்னல்களைத் திறக்கவே மாட்டோம். திறந்தால், தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் மலையாகக் குவிந்த எதிர் சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசு பறந்து வந்து ஸ்கேனர் கண்ணாடியில் படியும்.

ஏழு பேரில் ஒருத்திக்கு ஒற்றைத் தலைவலி. பேத்தமங்களாவிலிருந்து பஸ்ஸில் வருவாள். வெயில் ஏறினால் மேஜை மேல் தலை கவிழ்த்துவிடுவாள். அறையின் ஒரு மூலையில், எப்போதோ கேபிள் போட்டிருந்த பள்ளத்தைப் பலகை வைத்து மூடியிருந்தார்கள். பலகை இடுக்கு வழியாகக் கோடையிலும் சில்லென்று காற்று வரும். அந்த இடத்தின் மேல் எல்லோருக்கும் கண். நான் அவளுக்குக் கொடுத்தேன். இரண்டு வருஷம் அங்கேயே உட்கார்ந்து வேலை செய்தாள். தலைவலி பாதியாகக் குறைந்தது என்று அவள் சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் பெங்களூரிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை வந்தார். பாறையிலிருந்து ரேடான் என்று ஒரு வாயு வரும், மூடிய அறைகளில் தங்கிவிடும், பழைய சுரங்கத்தை ஒட்டிய கட்டடங்களில் அளந்து பார்க்கிறேன் என்றார். மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா இரண்டு. ஒன்றை வாசல் பக்கமும் இன்னொன்றை அந்த மூலையிலும் தொங்கவிட்டார். மூன்று மாதம் யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் மறந்தே போனோம்.

டப்பாக்களை எடுத்துப்போய்ச் சில வாரம் கழித்து, ஒரு தாளுடன் வந்தார். எண்கள், பக்கத்தில் பெக்கரல் என்று ஒரு வார்த்தை. மூன்று முறை படித்தேன். ஒன்றும் புரியவில்லை.

“மேடம், இது நல்லதா கெட்டதா?”

“வாசல் பக்கம் பரவாயில்லை. மூலையில ரொம்ப அதிகம். அந்தப் பலகைக்குக் கீழருந்துதான் வருது.”

“ஏதாவது ஆயிடுமா?”

“உடனே எதுவும் ஆகாது. பல வருஷம் சுவாசிச்சா நுரையீரல்ல புற்றுநோய் வர்ற வாய்ப்பு கூடும்.”

“கூடும்னா, எவ்ளோ?”

“ஒருத்தருக்கு இவ்வளவுதான்னு சொல்ல முடியாதும்மா.”

எங்கள் ஊரில் நுரையீரல் என்றால் தூசுதான். என் அப்பா சுரங்கத்தில் லெவல் லெவலாக இறங்கிக் கல் உடைத்தவர். அவர் இருமலுக்குக் காரணம் எங்களுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத, வாசனை இல்லாத, யாரையும் இரும வைக்காத ஒன்றை எப்படி எடுத்துக்கொள்வது?

பெங்களூரில் இருக்கும் முதலாளிக்குப் போன் செய்து வாயு விஷயத்தைச் சொன்னேன்.

“யாருக்காவது உடம்பு சரியில்லையா?”

“இல்ல சார்.”

“நாத்தம் கீத்தம் வருதா?”

“இல்ல சார்.”

“அப்புறம் எப்படி இருக்குன்னு சொல்றீங்க?”

“டப்பா சொல்லுது சார்.”

பார்க்கலாம் என்று போனை வைத்துவிட்டார். நான் சொன்னது எனக்கே பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது.

பெண்களிடம் சொன்னேன். “காஸ் லீக்கா அக்கா?” என்றாள் ஒருத்தி. “செல்போன் டவர் மாதிரியா?” என்றாள் இன்னொருத்தி. ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் மேஜையெல்லாம் வெள்ளைத் தூசு. மூடச் சொன்னேன். மறுபடி பயம் வந்து திறக்கச் சொன்னேன். “இன்னாக்கா, ஒண்ணு சொல்லுங்க!” என்று கத்தினார்கள்.

மூலையில் உட்காருபவள் மட்டும் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் எல்லோரும் படியேறிய பிறகு என்னிடம் வந்தாள்.

“அக்கா, நான் நாளைக்கு வரட்டா, வேணாமா?”

“வா. இல்ல, இரு. கேட்டுச் சொல்றேன்.”

யாரைக் கேட்பது என்று தெரியாமல் சொன்ன பதில் அது. அவள் என்னைக் குறை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அவளை ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

“இருமல் இருக்கா?”

“இல்ல டாக்டர்.”

“காய்ச்சல்? மூச்சு வாங்குதா?”

“இல்ல.”

“பின்ன எதுக்கு வந்தீங்க?”

நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் வாயு, பாறை, டப்பா என்று உளறினேன். அதெல்லாம் எக்ஸ்ரேயில் தெரியாதும்மா என்றவர், சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. மாத்திரையை வாங்குவதா வேண்டாமா என்று மெடிக்கல் ஷாப் முன்னால் நின்றோம். பிறகு வாங்கினோம்.

கடைசியில் அந்த ஆசிரியையே முதலாளியிடம் பேசினார். வேலை செய்கிறவர்கள் மூச்சு விடும் காற்றுக்கு வேலை கொடுப்பவர்தான் பொறுப்பு என்று அவர் சொன்னதை ஸ்பீக்கரில் கேட்டேன். அவர் அளவுக்கு எனக்கு விஷயமும் தெரியாது, தைரியமும் கிடையாது. முதலாளி இறங்கி வந்தார். எங்களை மேல்மாடிக்கு மாற்றினார்கள். கீழே பலகையை எடுத்து, பள்ளத்தைக் கான்கிரீட் போட்டு அடைத்தார்கள். தரைக்கு அடியிலிருந்து ஒரு குழாயைக் கூரைக்கு மேல் வரை கொண்டுபோய், காற்றை இழுத்து வெளியே தள்ள ஃபேன் வைத்தார்கள். மறுபடியும் டப்பா, மறுபடியும் மூன்று மாதம். இந்த முறை தாளைக் கொடுக்கும்போதே “இனிமே பயமில்லை” என்றார் ஆசிரியை.

“அந்த ரெண்டு வருஷத்துக்கு, மேடம்?” என்று அந்த மூலையில் வேலை செய்தவள் கேட்டாள்.

“அது யாருக்கும் தெரியாதும்மா. ஒண்ணும் ஆகாமலே போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.”

அவள் தலையாட்டினாள். என்ன புரிந்துகொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

கீழே திரும்பி வந்தோம். மே மாதம் அறை அடுப்பாகக் கொதித்தது. ஏழு பேரும் என்னைத் திட்டாத குறை. முதலாளியிடம் ஏசி கேட்டேன்.

“இதுவும் அந்த காஸுக்காகவா?”

ஏசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ஜன்னலை மூடியது தூசுக்காக. பள்ளத்தை அடைத்தது வாயுவுக்காக. அடைத்ததும் குளிர்காற்று நின்றதால்தான் இந்தப் புழுக்கம். எங்கே ஆரம்பித்து எப்படிச் சொல்வது?

“ஆமா சார்,” என்றேன்.

அடுத்த வாரமே ஏசி வந்தது. நான் சொன்னது பொய்யா இல்லையா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை.