கிறேஸ் டீச்சருக்கு வார்த்த ஒரு பேணித் தண்ணீர்

கிறேஸ் டீச்சர் போய்விட்டார்.

காலையில், என்னோடு படித்த சுகந்தி கனடாவிலிருந்து வொய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாள். "டீச்சர் நம்மள விட்டுட்டுப் போயிட்டா புள்ள... மட்டக்களப்புல, மகள்ட வீட்ட." அதற்கு மேல் அவளால் கதைக்க முடியவில்லை.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. பேரப்பிள்ளை கண்ட வயதில் என்ன பயம் என்று கேட்பீர்கள்... சொல்கிறேன்.

கல்முனைக் கடைத்தெருவுக்குப் பின்னால் லூத்தரன் சபை நடத்திய ஒரு சின்ன ஆரம்பப் பள்ளி இருந்தது. ஐந்தாம் வகுப்பு வரைதான். கிறிஸ்தவப் பிள்ளைகள் கொஞ்சம், சைவப் பிள்ளைகள் நிறைய, அதே அளவுக்கு எங்களைப் போல முஸ்லிம் பிள்ளைகள், ஊர் வழக்கில் சோனகப் பிள்ளைகள்.

"அங்க இங்கிலீசு நல்லாப் படிச்சுக் குடுப்பாங்க" என்று வாப்பா கொண்டுபோய்ச் சேர்த்தார். எனக்கு இன்றைக்கும் இங்கிலீஷ் வராது, அது வேறு கதை.

டீச்சருக்குப் பாட வராது. ஆனாலும் காலைக் கூட்டத்தில் அவர்தான் பாடுவார். நாங்கள் சும்மா நின்றால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார். சிரிப்பை அடக்க வேறு வழியில்லாமல் நாங்களும் சேர்ந்து பாடிவிடுவோம்.

கோபம் வந்தால் அவர் ஏசுவது கடைத்தெரு வரைக்கும் கேட்கும். அதுவும் தண்ணீர் விஷயத்தில்...

கிணற்றடியில் ஒரு தண்ணீர்ப் பானையும் மொண்டு குடிக்க ஒரு தகரப் பேணியும் இருக்கும். அதில் யாரும் தனக்குத் தானே எடுத்துக் குடிக்கக்கூடாது. இன்னொருவருக்கு வார்க்க வேண்டும், இன்னொருவர் வார்த்ததைக் குடிக்க வேண்டும். டீச்சர்மாருக்கும் அதே சட்டம்தான்.

எனக்குச் சுகந்தி வார்ப்பாள். அவளுக்கு நான். சண்டை பிடித்த நாளில் அரைப் பேணிதான் தருவாள், கள்ளி.

பிறகு, எண்பதுகளின் நடுவில், அந்தக் குழப்பம் வந்தது. தமிழ் ஆட்களுக்கும் எங்கள் ஆட்களுக்கும்... விவரமாக எழுத மனம் வரவில்லை. வீடுகள் எரிந்தன. பள்ளி பூட்டிக் கிடந்து திரும்பத் திறந்தபோது வகுப்பில் பாதிப் பேர் இல்லை.

வந்தவர்கள் எல்லாரும் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டு வந்தோம். கிணறுகளில் நஞ்சு போடுகிறார்களாம் என்று ஊரெல்லாம் ஒரே கதை. எங்கள் பக்கத்தில் அவர்கள் போடுவதாகச் சொன்னார்கள். அவர்கள் பக்கத்தில் நாங்கள் போடுவதாக.

உம்மா வாசலில் வைத்து என் தாடையைப் பிடித்துக்கொண்டார். "பள்ளிக்கூடத்துத் தண்ணி ஒரு சொட்டும் வாயில வெக்காத. சுகந்தி தந்தாலும் குடிக்காத புள்ள, அல்லாக்காகச் சொல்றன்."

சுகந்தியும் நானும் ஒரே வாங்கில்தான், பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். ஆனால் முகம் பார்க்கவில்லை.

இடைவேளைக்கு டீச்சர் கிணற்றடிக்குப் போய்ப் பேணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒருவரும் வார்க்கப் போகவில்லை. பேணியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பி வந்து படிப்பித்தார். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை...

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும். வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டு வரவும் மாட்டார், பள்ளியில் குடிக்கவும் மாட்டார். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். காலைப் பாட்டில் அவர் சத்தம் வெறும் காற்றாக வந்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே இருந்துவிட்டார்.

பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடி வந்தார். "நான் வாத்துத் தாறன் அக்கா."

"வேணாம். பிள்ளைகள் ஆரும் வாக்கட்டும்."

பிடிவாதக்காரி!

அதுவரைக்கும் எனக்குக் குடிக்கத்தான் பயம் என்று நினைத்திருந்தேன். அந்த நேரம்தான் தெரிந்தது, வார்ப்பதற்கு அதைவிடப் பயம். நான் வார்த்து டீச்சருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கிணற்றில் உண்மையாகவே ஏதாவது இருந்தால்? சோனகப் பிள்ளை நஞ்சு கொடுத்துக் கொன்றுவிட்டாள் என்பார்களே. வாப்பாவின் கடையை எரிக்க வருவார்களே...

எப்படி எழும்பினேன் என்று தெரியாது. பானைக்குள் பேணியை விட்டு எடுத்தால், அது கையில் நிற்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கை வந்து அடியில் பிடித்தது. சுகந்தி.

"ரெண்டு பேரும் புடிப்பம்," என்றாள் காதுக்குள். "ரெண்டு பேரும் வாத்தா, ஆர் வாத்ததெண்டு ஒருத்தருக்கும் சொல்லேலாது."

டீச்சர் வாங்கினார். வாயருகில் கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட்டார்.

"பயமா டீச்சர்?" சுகந்தி கேட்டேவிட்டாள்.

"ஓம் மகள்."

குடித்தார். முழுவதையும்.

அன்றைக்கு மீதிப் பாடம் எங்கள் இருவருக்கும் ஏறவில்லை. டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்... நுரை வருகிறதா, கண் சொருகுகிறதா என்று. ஒருதரம் இருமினார். சுகந்தி என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

பள்ளி விடும்போது டீச்சர் கேற்றடியில் நின்று யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். அந்த ஏச்சைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. சுகந்தி பானையடிக்குப் போய் எனக்கு ஒரு பேணி வார்த்தாள். நிறைய. குடித்தேன், அவளுக்கும் வார்த்தேன். உம்மா இதைப் படித்தால் இன்றைக்கும் ஏசுவார்.

மற்றப் பிள்ளைகளும் மெல்ல மெல்லப் பானைப் பக்கம் வந்தார்கள். எல்லாரும் இல்லை. சிலர் கடைசி வரைக்கும் போத்தல்தான்.

மெசேஜைக் கேட்டதும் சுகந்திக்குக் கோல் எடுத்தேன். "என்ன வருத்தமாம்? எப்படிப் போனாவாம்?" என்று பயந்து பயந்து கேட்டேன்.

"வயசு போய்த்தான் புள்ள, நித்திரையிலதான் போயிருக்கா... நானும் அதத்தான் முதல்ல கேட்டன். நாம வாத்ததால இல்ல."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகுதான் அழுதோம்.

நிம்மதியாக இருங்கள் டீச்சர்.