ஊதாமல் அணைந்த மெழுகுவர்த்தி

"ஏனுங்க, டயருக்கு நைட்ரஜன் அடிச்சரலாங்களா?" என்று பஞ்சர் கடைக்காரர் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன்தான் என்று, பள்ளியில் படிக்கும்போது ஒரு மாலை அப்பாவுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன்.

அப்போது வேலம்பாளையத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஓரறை லைன் வீடுகள் ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. சட்டையில் சாய மருந்து நெடியோடு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் சுவரில் சாய்ந்துவிடுவார். அவரைப் பேசவைக்க எனக்கு ஆசை.

அன்று கரண்ட் இல்லை. அம்மா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தக்காளி அரிந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, ஊதாமயே இத அணைக்கட்டுங்களா?"

எரிகிற மெழுகுவர்த்தியின் மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தேன். சுடர் சுருங்கி அணைந்தது.

"காத்துல பல வாயு கலந்திருக்குதுங்கப்பா. எரியறதுக்கு ஆக்ஸிஜன் வேணும். உள்ள அது கொறஞ்சிருச்சு. மிச்சத்துல நைட்ரஜன்தான் ஜாஸ்தி. அதுல எரியாதுங்க."

"மொதல்ல வெளிச்சத்தக் குடு கண்ணு, என்ற வெரலு போயிரும்" என்றாள் அம்மா இருட்டிலிருந்து.

அப்பா தீக்குச்சியை உரசினார். "பெரிய பாட்டல்னா ரொம்ப நேரம் எரியுமா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் ஊறுகாய் பாட்டிலைக் காலிசெய்து கழுவிக்கொண்டு வந்தார். அதைக் கவிழ்த்ததும், டம்ளருக்குள் எரிந்ததைவிட வெகுநேரம் சுடர் நின்று நிதானமாக எரிந்து அணைந்தது. அப்பா கைதட்டினார். பக்கத்து வீட்டு வாசல்களுக்குப் போய், "வாங்க, என்ற புள்ள காத்தப் பிரிச்சுக் காட்டறா!" என்று எல்லோரையும் கூட்டிவந்தார்.

எங்கள் சின்ன அறையில் எல்லோரும் நிறைந்து நின்றபோது கரண்ட் வந்தது. அப்பா எழுந்துபோய் லைட்டை அணைத்தார்.

"இன்னொருக்காச் செய்யி கண்ணு."