நகம் பதிந்த பசை

நுவரெலியா பஜாரில் கரட்டும் லீக்ஸும் மூட்டை மூட்டையாக ஏறி இறங்குகிற தெரு ஒன்றில், மாடிப்படியின் முடிவில், கடலுக்குப் போகிற கருவிகளைப் பழுது பார்க்கிற இடம் இருக்கிறது என்று சொன்னால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். வினோதாவுக்கு அங்கே வேலை கிடைத்தபோது அவள் அம்மா காளியாயியும் சிரித்தாள்.

"கடலு எங்க கெடக்கு, நாம எங்க கெடக்கோம்! மீன் புடிக்கிறவங்களுக்கு ஊர்ல வேற எடமே கெடைக்கலியாடி?"

கிடைக்கவில்லைதான் போலிருக்கிறது. கீழே ரேடியோவும் டிவியும் விற்கிற சண்முகராஜா முதலாளியின் தம்பி முறைக்காரர் ஒருவர், கொழும்பில் படகுகளுக்கான ஜிபிஎஸ் கருவிகளை இறக்குமதி செய்கிறார். கொழும்பில் கடை வாடகையைக் கேட்டு அவருக்கு மயக்கம் வந்திருக்க வேண்டும். வாரண்டியில் வருகிற பழுதுகளையெல்லாம் கூரியரில் போட்டு மலைக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தார். தொலைபேசி எண் மட்டும் கொழும்பு எண். மன்னாரிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் கூப்பிடுகிற மீனவர்கள், தாங்கள் பேசுவது ஏதோ கடற்கரைக் கட்டடத்தோடு என்று நினைத்துக்கொண்டார்கள். இங்கே வினோதா ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி, "வணக்கம் ஐயா, வாடிக்கையாளர் சேவை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் இறம்பொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். அப்பா பொன்னையா தேயிலை ஃபெக்டரியில், அம்மா மலையில் கொழுந்து பறிக்கிறவள். உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்குப் போதாத பெறுபேறு வந்த வருஷம், கொழுந்துக்கூடை தோளில் ஏறிவிடுமோ என்ற பயத்திலேயே போன் திருத்தும் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். கை நன்றாக வந்தது. தலைமுடியை விட மெல்லிய கம்பியையும் பற்றவைப்பாள். பெண் பிள்ளைக்கு இதெல்லாம் வருமா என்று வாயைக் கோணிய சண்முகராஜாவே, பிறகு கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்.

"நம்ம வினோதா கை பட்டா அந்தச் சாமான் திரும்பி வராது."

இந்த ஒரு பேச்சுதான் அவளைக் கெடுத்தது. கேட்கும்போதெல்லாம் காது குளிர்ந்தது. தோட்டத்துப் பிள்ளை என்று யாராவது இளக்காரமாகப் பார்த்தால், அந்தப் பேச்சை நினைத்து நிமிர்ந்துகொள்வாள். அதைக் காப்பாற்ற எவ்வளவு தூரம் போவாள் என்பது அவளுக்கே தெரியாமல் இருந்தது.

ஜிபிஎஸ் பெட்டியைத் திறந்து பழுது பார்த்தால், மூடும்போது சுற்றிவரப் பசை இட வேண்டும். உப்புத் தண்ணீர் உள்ளே போகாமல் காப்பது அதுதான். ஒரு நாள் காயவிட்டால் போதும் என்று பசைக் குழாயில் எழுதியிருக்கும். எழுதியவன் நுவரெலியாவைப் பார்த்திருக்க மாட்டான். மார்கழி, தை மாதக் குளிரில் இங்கே எண்ணெயே போத்தலுக்குள் உறைந்து நிற்கிறது. பசை எங்கே காய? அதற்காக வினோதா ஒரு மரப்பெட்டிக்குள் பல்பு ஒன்றைப் பொருத்தி, கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்டுவது போல, ஒட்டிய கருவிகளை அதற்குள் வைப்பாள். எடுக்கும்போது கட்டைவிரல் நகத்தால் பசையை அழுத்திப் பார்ப்பாள். நகம் பதியாவிட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பதிந்தால் மறுபடி பெட்டிக்குள்.

போன பொங்கலுக்கு முதல் நாள் மின்சாரம் போய்ப் போய் வந்தது. மன்னார்ப் பேசாலை மீனவர் சூசைதாசன் என்பவரின் ஜிபிஎஸ் பல்புப் பெட்டிக்குள் இருந்தது. திரை மாற்றிய கருவி. கூரியர்க்காரன் வழக்கத்தை விட முன்னதாகவே வந்து படியில் நின்று அவசரப்படுத்தினான். இறம்பொடை பஸ்ஸோ, பண்டிகைக் கூட்டத்தில் ஏறக் கால் வைக்க இடமில்லாமல் போய்விடும். வினோதா கருவியை எடுத்து நகத்தால் அழுத்தினாள். நகம் பதிந்தது. பிறை போல ஒரு தடம். அதைப் பார்த்தாள். போகிற வழியில் காய்ந்துவிடும் என்று தனக்குத் தானே சொல்லி, பொதி கட்டிக் கொடுத்துவிட்டு ஓடினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

மாதம் திரும்புவதற்குள் அந்தக் கருவி திரும்பி வந்தது. திறந்தபோது உள்ளே உப்புப் பூத்திருந்தது. பசை ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது. அதன் ஓரத்தில் அவளுடைய நகத் தடம், இப்போது நன்றாக இறுகிப்போய், அப்படியே இருந்தது.

சண்முகராஜா பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார். "நீ செஞ்ச சாமானா இது? திரும்பி வந்திருக்கு?"

"இல்ல மொதலாளி. அவங்கதான் தொறந்து பாத்திருக்காங்க போல" என்றாள் வினோதா. யோசிக்காமல் வந்த வார்த்தை. வந்த பிறகு அதைத் திரும்ப விழுங்க அவளுக்கு மனம் வரவில்லை.

"அதானே பாத்தேன். தொறந்தா வாரண்டி இல்லன்னு சொல்லிப்புடு" என்று அவர் சந்தோஷமாகப் படியிறங்கினார்.

சூசைதாசனைப் போனில் கூப்பிட்டு அவள் கம்பெனித் தமிழில் பேசினாள். "ஐயா, கருவியை உங்கள் பக்கத்தில் யாரோ திறந்திருக்கிறார்கள்."

"இல்லத் தங்கச்சி. ஆரும் திறக்கேல்ல. எங்களுக்கு இதைத் திறக்கவே தெரியாது."

"பசையில் நக அடையாளம் இருக்கிறது, ஐயா."

இதைச் சொன்னபோது கட்டைவிரலை அவள் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். போனில் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் மடக்கினாள்.

"நகமோ?" என்றார் சூசைதாசன். "சரி தங்கச்சி. நான் விசாரிக்கிறன்."

அவர் சண்டை போட்டிருந்தால் வினோதா பிழைத்திருப்பாள். கத்துகிற வாடிக்கையாளர்கள் அவளுக்குப் பழக்கம். கத்துகிறவனிடம் பொய் சொல்வது அவ்வளவு உறுத்தாது. இந்த மனிதர் விசாரிக்கப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

"தங்கச்சி, குறை நினைக்காதீங்கோ. நீங்க சொன்னது சரி. எங்கட வீட்டுக்காரியின்ட தம்பி எமில் எண்டு ஒருத்தன், என்னோடதான் தொழிலுக்கு வாறவன். கோயில்ல கிட்டார் வாசிக்கிறவன், அதுக்கெண்டு நகம் வளர்த்திருக்கிறான். அவன்தான் நோண்டியிருக்கிறான். கேட்டா இல்லையெண்டு மாதாவில சத்தியம் பண்ணுறான். படகால இறக்கிவிட்டுட்டன். உங்களோட வீணா வாதாடினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

வினோதாவுக்கு முகமெல்லாம் பற்றி எரிந்தது. அந்தக் குளிரிலும் கழுத்து வேர்த்தது. "பரவாயில்லை ஐயா" என்று சொல்லித் தொலைத்தாள். பரவாயில்லையாம்! யாருக்கு யார் பரவாயில்லை சொல்வது?

அன்றைக்குச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கவே இல்லை. உண்மையைச் சொல்லாமலே சரிக்கட்ட ஒரு வழி தேடினாள். இப்படிப்பட்ட நேரத்தில் மனுஷ மூளை நன்றாகவே வேலை செய்யும். கீழே போய் முதலாளியிடம் பேசினாள்.

"பாவம் மொதலாளி, அந்தாளு அந்தப் பெட்டிய வச்சுத்தான் வலை போட்ட எடத்தையே கண்டுபுடிக்கிறாரு. தொறந்தாலும் பரவால்லன்னு புதுசு ஒண்ணு குடுத்தா, மன்னார் பூரா நம்ம பேரு நிக்கும்."

சண்முகராஜாவுக்குப் பேர் நிற்பதென்றால் பிடிக்கும். கொழும்புத் தம்பியிடம் பேசி ஒரு புதுக் கருவி வாங்கி அனுப்பிவைத்தார். வினோதா அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள் என்று சொல்லத்தான் ஆசை. ஓரளவு தூங்கினாள்.

புதுக் கருவி போய்ச் சேர்ந்ததும் சூசைதாசனின் குரல் தழுதழுத்தது.

"நாங்க விட்ட பிழைக்கு நீங்க புதுசே தந்திட்டீங்க தங்கச்சி. இப்பிடியும் ஆக்கள் இருக்கினம். இஞ்ச கரையில எல்லாருக்கும் சொன்னன். எமிலைக் காட்டிச் சொன்னன், பாருங்கோடா, இவன் செய்த கள்ள வேலைக்குக் கம்பெனிக்காரர் தண்டம் கட்டினவை எண்டு."

"அவரு... இன்னும் உங்க படகுக்கு வரலீங்களா?"

"ஆரும் அவனைப் படகில ஏத்தமாட்டினம். நோண்டிப்போட்டுப் பொய்ச்சத்தியமும் பண்ணுறவனை நம்பிக் கடலுக்குப் போகேலுமோ? என்ட மனுசிதான் என்னோட கதைக்கிறேல்ல. அது போகட்டும்."

வினோதா போனை வைத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்தாள். தான் நல்லது செய்யப் போனது அந்த எமிலின் கழுத்தில் இன்னொரு கல்லாகத் தொங்கிவிட்டது. முன்பு அவன் வீட்டுக்குள் மட்டும் பொய்யன். இப்போது ஊருக்கே பொய்யன். இவளோ மன்னார்க் கரையில் புண்ணியவதி. தன் கையையே அவளுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பசை காயாதது, நகம் பதிந்தது, தெரிந்துகொண்டே அனுப்பியது, பொய் சொன்னது. அவர் கேட்டுவிட்டுக் கோபப்படவில்லை. அக்கம்பக்கம் பார்த்தார்.

"இத வேற யாருகிட்டயும் சொன்னியா?"

"இல்ல மொதலாளி."

"அப்பச் சொல்லாத. அந்தாளுக்குப் புதுசு கெடைச்சிருச்சு, நமக்குப் பேரு கெடைச்சிருச்சு. முடிஞ்ச கதையக் கெளறாத புள்ள. போய் வேலையப் பாரு."

எமிலுக்கு என்ன கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை. இவளும் அவரிடம் கேட்கவில்லை. மாடிக்கு ஏறி வந்து, எங்கே மனம் மாறிவிடுமோ என்ற பயத்தில் உட்காராமல் நின்றுகொண்டே சூசைதாசனைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை கம்பெனித் தமிழ் வாயில் வரவில்லை.

"அண்ணே, அந்தப் பெட்டிய எமில் தொறக்கலண்ணே. அந்த நக அடையாளம் என்னோடது. பச காயறதுக்கு முந்தியே நான் பொதி கட்டி அனுப்பிட்டேன். பேரு கெட்டுப் போயிருமுன்னு ஒங்க மேல பழியப் போட்டேன். மன்னிச்சுக்கங்கண்ணே."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"அவன் மாதாவில சத்தியம் பண்ணினவன்" என்றார் சூசைதாசன் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "சின்னனில இருந்து நான் தூக்கி வளர்த்தவன். அவன்ட வாயை நம்பாமல் ஆரெண்டு தெரியாத உன்ட வாயை நம்பினன். நான் எந்த முகத்தோட அவனுக்கு முன்னால போய் நிப்பன்? நம்பர் தாறன். நீயே சொல்லு."

அதுவரை 'நீங்கள்' என்று பேசியவர், முதல் தடவையாக 'நீ' என்றார். அது நியாயம்தான் என்று வினோதாவுக்குப் பட்டது.

எமில் இரண்டாவது அழைப்பில்தான் எடுத்தான். இளவயசுக் குரல். பின்னால் காற்று இரைந்தது, ஆட்கள் விலை பேசுகிற சத்தம் கேட்டது. அவள் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்து அழுதும்விட்டாள். இதோடு பாரம் இறங்கிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது.

"சரி" என்றான் எமில். "இதை ஏன் எனக்குச் சொல்றீங்க அக்கா?"

"ஒங்களுக்குத்தானே தம்பி நான் தப்புப் பண்ணிட்டேன்..."

"நான் திறக்கேல்ல எண்டு எனக்குத் தெரியும்தானே. அது எனக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்ல."

அவன் குரலில் கோபம்கூட இல்லை. கோபத்தை எப்போதோ செலவழித்து முடித்திருந்தான்.

"நான் இப்ப கரையிலதான் நிக்கிறன். மீன் ஏத்துற லொறிக்குக் கூலி ஆளா" என்றான். "எல்லாரும் நிக்கினம். அத்தானும் அந்தா நிக்கிறார். போனை ஸ்பீக்கரில போடுறன். இவையளுக்குச் சொல்லுங்கோ."

"தம்பி, நான்..."

அதற்குள் போட்டுவிட்டான். காற்று இன்னும் பெரிதாக இரைந்தது. யாரோ "ஆரடா போனில?" என்றார்கள். "ஜிபிஎஸ் கம்பெனி அக்கா" என்றான் எமில். "ஓ, அந்த நல்ல பிள்ளையோ!" என்று ஒரு கிழவரின் குரல் கேட்டது. விலை பேசுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

மாடிப்படியில் சண்முகராஜா ஏறி வந்து, இரண்டு வாடிக்கையாளர்களோடு கதவடியில் நின்றார். அவர்களிடம் இவளைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்க வேண்டும். முகத்தில் சிரிப்பு இருந்தது. வினோதா அவரைப் பார்த்தாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என் பேரு வினோதா" என்றாள். "எமில் அந்தப் பெட்டியத் தொறக்கல. தப்புப் பண்ணுனது நான். அவரு மேல பொய் சொன்னதும் நான்."

சண்முகராஜாவின் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு எமிலின் குரல் வந்தது, நிதானமாக.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ அக்கா. பின்னால நிக்கிறவைக்குக் கேக்கேல்லயாம்."

வினோதா இன்னும் சத்தமாகச் சொன்னாள்.