எதிர் மனையில் வீடு கேட்ட ரூபி அக்கா

நாங்கள் குடியேறிய நகரத்தின் தென்பகுதியான ஒடாஹுஹுவில் மளிகைக் கடை வைத்திருக்கும் சிவா அண்ணை வேலை நேரத்தில் யாரையும் அழைக்கிறவர் அல்ல. நான் மருந்துக் கடைக் கவுன்டரில் நிற்கும்போது அவருடைய எண் மறுபடி மறுபடி வந்ததும் எடுத்தேன். "தங்கச்சி, ரூபி அக்கா போயிட்டா. பஸ்ஸுக்குள்ளயே உயிர் போயிட்டுதாம். நித்திரை எண்டு நினைச்சு டிரைவர் கடைசி ஸ்டொப்பிலதான் எழுப்பிப் பாத்திருக்கிறார்" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். ஆஸ்பத்திரி சலவைப் பகுதியில் வேலை, அதற்குப் பக்கத்திலேயே வீடு என்று வருடக்கணக்காக இருந்த மனுஷி, நகரத்தின் மறுகோடியில் வெஸ்ட்கேட்டிலிருந்து பஸ் மாறி பஸ் மாறி ஏன் வர வேண்டும்? அவரோடு பழகியவர்களுக்கு அது தெரியும். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

மலேசியாவில் கிள்ளானில் பிறந்தவர் ரூபி அக்கா. எந்த நேரத்தில் பார்த்தாலும் "பசியாறியாச்சா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார், டப்பாவைத் திறந்துவிடுவார். அவரும் கணவர் தாமஸ் அண்ணனும் வாடகைக்கு இருந்த வீடுகள் எல்லாம் ஒடாஹுஹுவின் அதே இரண்டு மூன்று தெருக்களில்தான். வீட்டைத் துடைத்து, திரை மாட்டி, கறிவேப்பிலைச் செடி கொஞ்சம் தலை தூக்கும்போது சொந்தக்காரன் வீட்டை விற்கப்போவதாகச் சொல்வான். கடைசியாக இருந்த வீட்டுக்கு எதிரே நகராட்சி கவுன்சிலுக்குச் சொந்தமான பெரிய காலிமனை ஒன்று. முன்பு லாரி நிறுத்திய இடம். அதில் குறைந்த விலை வீடுகள் வரும் என்று பேச்சு அடிபட்ட நாளிலிருந்து அக்கா ஜன்னலோரத்திலேயே தேநீர் குடிக்க ஆரம்பித்தார். "பார்த்துக்கிட்டே இருக்கேன், எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான் லா" என்பார், அந்த மலேசிய 'லா'வோடு. சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அந்த மனையைப் பற்றிக் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு என்னையும் இழுத்துப் போனார். அதிகாரி ஒருவர் வண்ணப் படங்களைக் காட்டி, குறைந்த விலை, குறைந்த விலை என்று நூறு தடவை சொன்னார். அக்கா கையைத் தூக்கினார். ஆங்கிலத்தில் கேட்டதை அவர் தமிழிலேயே தருகிறேன்: "குறைஞ்ச விலைன்னா யாரு விலையிலேர்ந்து குறைஞ்சது? பணக்காரன் கொடுக்கிற விலையிலேர்ந்தா, இல்லே எங்க சம்பளத்துக்கு ஏத்த விலையா?" கூட்டம் கைதட்டியது. அதிகாரி நல்ல கேள்வி என்று சொல்லிக் குறித்துக்கொண்டார். வெளியே வந்ததும் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "எழுதிக்கிட்டாருல்ல தங்கச்சி. எழுதிக்கிட்டா செஞ்சிதானே ஆகணும்?"

அடுத்து வந்தது கவுன்சில் தேர்தல். அக்காவின் தேவாலயத்துக்கு வரும் சமோவாத் தீவுப் பெண் ஒருவர் எங்கள் வார்டில் நின்றார். மனையை விற்க விடமாட்டேன், வாடகைக்கு இருக்கிறவர்களுக்கே வீடு கட்டச் சொல்வேன் என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு. அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினார். கோயில் கூட்டம், தேவாலயக் கூட்டம், யாழ்ப்பாணத்தார், மதுரைக்காரர், ஜொகூர்க்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. "சனிக்கிழமை ஓட்டு, மறந்துடாதீங்க" என்று எல்லோரிடமும் சொன்னார். நாங்களும் மறக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை காலை குளித்து, நல்ல உடுப்பு உடுத்தி, சிலர் பட்டுச் சேலையிலேயே பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றோம். நாடாளுமன்றத் தேர்தலுக்கு அங்கேதான் ஓட்டுப் போட்டிருந்தோம். கேட் பூட்டியிருந்தது. உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை.

கவுன்சில் தேர்தலுக்குச் சாவடி கிடையாது, தபால் ஓட்டுத்தான் என்று நாய்க்குட்டியோடு நடந்துவந்த ஒரு வெள்ளைக்காரர் சொன்னார். ஓட்டுச்சீட்டு எல்லோர் வீட்டுக்கும் சில வாரங்களுக்கு முன்பே வந்திருக்கிறது. சூப்பர் மார்க்கெட் விளம்பரத் தாள்களோடு அதையும் சேர்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறோம். தபால் ஓட்டு என்றால் வெளியூரில் இருப்பவர்களுக்கு என்றுதானே எங்கள் எல்லோருக்கும் நினைப்பு! சிவா அண்ணை தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ, நான் அதுக்கு மேல வச்செல்லோ மீன் வெட்டினனான்" என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மதியத்தோடு முடிந்துவிடும் என்று அந்த வெள்ளைக்காரர் சொன்னதும், சீட்டு மிச்சமிருந்த சிலரை சிவா அண்ணையின் வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, ஓட்டுப்பெட்டி வைத்திருந்த நூலகத்துக்கு அக்கா ஓடினார். பெட்டியை மூடி எடுத்துப் போய்விட்டார்கள். அந்தப் பெண் சொற்ப ஓட்டில் தோற்றார். பள்ளிக்கூட வாசலில் நின்ற எங்கள் கூட்டமே அவரை ஜெயிக்க வைக்கப் போதும்.

மறுவாரமே அக்கா கவுன்சில் அலுவலகத்துக்குப் போய், அடுத்த தடவையாவது பள்ளிக்கூடத்தில் சாவடி வையுங்கள் என்று கேட்டார். பரிசீலிப்போம் என்றார்கள். பின்னால் தபாலே தொடரும் என்று முடிவாயிற்று. பாதி மனையும் விற்பனையானது. அதில் எழும்பிய குறைந்த விலை வீட்டின் விலையைக் கேட்டுவிட்டு வந்த அன்று அக்கா எங்கள் கடையில் மாத்திரை வாங்க வந்து, வாங்காமலே உட்கார்ந்திருந்தார். "நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன் லா" என்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அதற்குள் அவர் இருந்த வீடும் விற்றுப்போய், கட்டுப்படியாகிற வாடகை வெஸ்ட்கேட்டில் யாரோ வீட்டின் கார் நிறுத்தும் கராஜில்தான் கிடைத்தது. வேலையை விட முடியாது. அதனால்தான் அந்த பஸ்.

அடக்கம் முடிந்து சில நாளில், மீதிப் பாதி மனையையும் விற்கலாமா என்று மக்களிடம் கேட்கும் கவுன்சில் விசாரணை நடந்தது. பேசுவதற்கு அக்கா முன்பே பெயர் கொடுத்திருக்கிறார் என்று தாமஸ் அண்ணன் சொன்னார். "நீ போம்மா, என்னால முடியாது" என்றார். போனேன். விசாரணைத் தலைவர் அக்காவின் பெயரை வாசித்தார், தப்பும் தவறுமாக. நான் எழுந்து, அவர் இறந்துவிட்டார், அவருக்குப் பதிலாக நான் பேசலாமா என்று கேட்டேன். தலைவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மிகவும் வருந்துகிறேன் என்றார். ஆனால் பெயர் கொடுத்தவர் மட்டுமே பேசலாம், விதி அப்படி என்றார். பேச ஆளுக்கு ஐந்து நிமிடம். அக்கா என்ன பேச இருந்தார் என்று எனக்குத் தெரியாது, தாமஸ் அண்ணனுக்கும் தெரியாது. நான் உட்கார்ந்தேன். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். எல்லாம் முடிந்தபோது தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கிறது என்றார். எல்லோரும் தேநீர் குடிக்க எழுந்து போனார்கள். ரூபி அக்காவின் ஞாபகமாக என்னிடம் இருப்பது அந்த ஐந்து நிமிடம்தான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.